வாசனை இல்லாத ரசம்

காது, மூக்கு, தொண்டை: வாசகர் கேள்விகளுக்கு மதுரையில் கிளினிக் நடத்தும் டாக்டரம்மாவின் பதில்கள்

காது இரைச்சல், குறட்டை, தொண்டையில் சிக்கிய மீன் முள் என்று கலந்துகட்டி வரும் கடிதங்கள் இந்தத் தடவை ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டன. மழைக்காலத்துச் சளிக்காய்ச்சல் ஊரைச் சுற்றிவிட்டுப் போனதன் மிச்சம். அதனால் மூக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மீன் முள்காரர் அடுத்த இதழுக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் போய்விடுங்கள்.

டாக்டரம்மா, எனக்கு 52 வயது. நாலு மாதம் முன்பு வீட்டில் எல்லோருக்கும் சளிக்காய்ச்சல் வந்தது. மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. எனக்குக் காய்ச்சல் போனது, சளி போனது, கூடவே வாசனையும் ருசியும் போய்விட்டன. ரசம் வைத்தால் புளித்த வெந்நீர் குடிப்பது போல இருக்கிறது. "உப்பு தெரியுது, காரம் தெரியுது, அப்புறம் என்ன ருசி இல்லைங்கிற?" என்கிறார் வீட்டுக்காரர். கொரோனா டெஸ்ட்டில் இல்லை என்று வந்தது. என் நாக்கு கெட்டுவிட்டதா? திரும்ப வருமா?
வாசகி, கும்பகோணம்

உங்கள் நாக்கு நன்றாக இருக்கிறது அம்மா. உப்பும் காரமும் தெரிகிறது என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதே அதற்குச் சாட்சி. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, ஒரு ஆரஞ்சு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இனிப்பு தெரியும், லேசான புளிப்பு தெரியும். என்ன மிட்டாய் என்று கேட்டால் விழிப்பார். பத்து நொடி கழித்து மூக்கை விடச் சொல்லுங்கள். 'ஆரஞ்சு' அப்போதுதான் வந்து இறங்கும். அந்த இரண்டாவது பாதிதான் உங்களிடம் இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டே நாலு மாதமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று அவருக்குப் புரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்தது.

நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அதோடு இறைச்சிச் சாறு, காளான், தக்காளி இவற்றில் இருக்கும் உமாமி. அவ்வளவுதான். நம் அறுசுவைக் கணக்கில் கார்ப்பும் துவர்ப்பும் இருக்கின்றனவே என்பீர்கள். மிளகாயின் எரிச்சலைச் சொல்வது முகத்தின் தொடு உணர்வுக்கும் வலிக்குமான வேறொரு நரம்பு. மிளகாய் எந்தக் கதவைத் தட்டுகிறது என்று கண்டுபிடித்ததற்காகவே 2021-ல் டேவிட் ஜூலியஸுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. துவர்ப்பும் பெருமளவுக்கு வாய் வறண்டு இழுபடும் தொடு உணர்ச்சிதான். ரசத்தில் சீரகம் எது, மிளகு மணம் எது, பெருங்காயம் எது, கடைசியில் தூவிய மல்லித்தழை எது என்று பிரித்துச் சொல்வதெல்லாம் மூக்கு. நாம் மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொண்டையின் பின்வழியாக ஆவி மேலே ஏறி மூக்கின் உச்சிக்குப் போகிறது. வாய்க்குள் நடப்பதால் எல்லாப் பெருமையையும் நாக்கு வாங்கிக்கொள்கிறது.

மூக்கின் உச்சியில், இரண்டு கண்ணுக்கும் நடுவே, தபால்தலை அளவுக்கு ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. வாசனையைப் பிடிக்கும் நரம்பணுக்கள் அதில் இருக்கின்றன. அவற்றுக்குத் தலைக்கு மேல் சல்லடை மாதிரி பொத்தல் விழுந்த ஓர் எலும்பு. நரம்பு இழைகள் அந்தப் பொத்தல்கள் வழியாக மூளைக்குப் போகின்றன. சளி வைரஸ் இந்தச் சவ்வைப் புண்ணாக்கிவிட்டால் மூக்கு திறந்தே இருக்கும், காற்று தாராளமாகப் போகும், வாசனை மட்டும் இருக்காது. கொரோனா வைரஸ் நரம்பணுவை நேராகத் தாக்குவதைவிட, அதைத் தாங்கி ஊட்டிவிடும் பக்கத்து அணுக்களைத்தான் முதலில் பிடிக்கிறது. வைரஸ் உள்ளே நுழையத் திறக்கும் பூட்டு அந்த அணுக்களில்தான் இருக்கிறது. வேறு சளி வைரஸ்கள் நரம்பணுவையும் சேர்த்தே கெடுப்பதுண்டு. ஆகவே டெஸ்ட்டில் கொரோனா இல்லை என்று வந்ததால் உங்கள் கஷ்டம் பொய்யாகிவிடாது. சாதாரண ஜலதோஷம், ஃப்ளூ எதற்குப் பிறகும் இது வரும். 2020 ஜூன் 13-ம் தேதி நம் சுகாதார அமைச்சகம் வாசனை இழப்பைக் கொரோனா அறிகுறிகளில் சேர்த்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. எங்கள் துறையில் அதற்கு முன்பே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தவர்களில் உங்களைப் போல ஐம்பதை ஒட்டிய பெண்கள் அதிகம்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், ஒன்றும் செய்யவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அப்படி வந்தவர்களை இரண்டு நிமிடத்தில் அனுப்பியிருக்கிறேன். "கண்ணா போச்சு, காதா போச்சு? போகப் போகச் சரியாயிடும்" என்று சிரித்தபடியே சொல்லியிருக்கிறேன். 2021 மே மாதம், இரண்டாவது அலையில், எனக்கே வந்தது. ஐந்தாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது பேஸ்ட் ஜில்லென்று இருந்தது, ஆனால் பேஸ்ட்டாக இல்லை. (அந்த ஜில்லும் மிளகாய்க்கான அதே நரம்பு தருவதுதான்.) அடுப்படிக்குப் போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குக்குக் கீழே வைத்தேன். கட்டிப் பெருங்காயம்! உப்புக் கல்லை வைத்தது போல இருந்தது. ஒரு வாரம் கழித்து, பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் இருந்த வீட்டுக்காரர் ஓடி வந்தபோது அடுப்படி முழுக்கப் புகை, பாத்திரம் அடியில் கரி. பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் அனுப்பிவைத்த பெண்களின் முகம் அன்றைக்குத்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

திரும்ப வருமா என்றீர்கள். கைகால் நரம்புக்குக் கிடைக்காத ஒரு கொடுப்பினை மூக்கு நரம்பணுவுக்கு உண்டு: அடியில் இருக்கும் தாய் அணுக்களிலிருந்து வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். அதனால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் வந்துவிடுகிறது. மிச்சப் பேருக்கு மாதக்கணக்கு. ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தவர்களும் உண்டு. சிலருக்கு முழுசாக வராமலே போகும், அதையும் மறைக்கப் போவதில்லை. நாலு மாதம் என்பது கைவிடும் காலம் இல்லை. ஆனால் சும்மா இருக்கும் காலமும் இல்லை.

செய்ய வேண்டியது மோப்பப் பயிற்சி. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து தாமஸ் ஹம்மல் குழு 2009-ல் இதைச் சோதித்து எழுதியது. நாலே வாசனை: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம். காலையும் இரவும், 12 வாரம். அப்போதே அதைப் படித்தேன். 'நம்ம ஊர்ல யார் இதைச் செய்யப் போறாங்க' என்று மூடி வைத்துவிட்டேன். எனக்கென்று வந்ததும் அதே வாரம் நாலு பாட்டில் வாங்கினேன்.

நான் செய்த விதத்தைச் சொல்கிறேன். வாய் அகன்ற சின்ன பாட்டில் நாலு. ஒன்றில் பன்னீர் ரோஜா இதழ். பூ இல்லாத நாளில் பஞ்சில் இரண்டு சொட்டு ரோஜா அத்தர். இன்னொன்றில் அன்றைக்குச் சீவிய எலுமிச்சைத் தோல். மூன்றாவதில் இடித்த கிராம்பு. முழுக் கிராம்பைப் போட்டால் எட்டாது, வாரம் ஒருமுறை புதிதாக இடிக்க வேண்டும். நாலாவதில் பஞ்சில் நீலகிரித் தைலம். ஒவ்வொன்றையும் பதினைந்து, இருபது நொடி, நாய் முகர்வது போலச் சின்னச் சின்னதாக முகர வேண்டும். 'ஸ்ஸ்' என்று இழுக்கக் கூடாது. அடுத்ததற்குப் போகுமுன் அரை நிமிடம் ஓய்வு. மொத்தமே மூன்று, நாலு நிமிட வேலை. முகரும்போது டிவி ஓடக் கூடாது. ரோஜா பாட்டில் என்றால் ரோஜாவை நினைக்க வேண்டும். எனக்கு எங்கள் பாட்டி வீட்டு முற்றத்துச் செடி. முதல் ஐந்து வாரம் அந்தச் செடிதான் இருந்தது, வாசனை இல்லை. ஆறாவது வாரம் கிராம்பு பாட்டிலில் ஏதோ ஒன்று, என்ன என்று பெயர் சொல்ல முடியாத ஒன்று, வந்து போனது. பல் டாக்டர் அறையில் நிற்பது போல. கிராம்பெண்ணெய்தானே பல்லுக்கு வைப்பது! அன்றைக்குக் காலண்டரில் வட்டம் போட்டேன்.

நீலகிரித் தைலத்தில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. மூக்கில் குளிர்ச்சியாக ஏறினால் வாசனை வந்துவிட்டது என்று துள்ளாதீர்கள். அது மிளகாய்க்கான அந்த உறைப்பு நரம்பின் வேலை. தைலம் என்று மணம் தெரிந்தால்தான் கணக்கு. மூன்று மாதம் முடிந்ததும் நாலையும் மாற்றி வேறு நாலு வையுங்கள்: மல்லிகை, ஏலக்காய், ஆரஞ்சுத் தோல், துளசி என்று உங்கள் வீட்டில் இருப்பது எதுவும். ஆறு மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். மந்திரம் இல்லை, செய்யாதவர்களைவிடச் செய்கிறவர்களுக்கு முன்னேற்றத்துக்கான வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவே. பக்க விளைவு கிடையாது, செலவு இரண்டு காபிக் காசு.

ஆரம்பிக்கும் முன் ஒருமுறை காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சதை வளர்ச்சி, சைனஸ் தொல்லை எதுவும் வழி மறிக்கவில்லை என்று தெரிந்துகொள்வதற்காக.

வணக்கம் டாக்டரம்மா. திண்டுக்கல்லில் மெஸ் வைத்திருக்கிறேன். காய்ச்சலுக்குப் பிறகு போன வாசனை இரண்டரை மாதத்தில் திரும்பி வந்தது, சந்தோஷப்பட்டேன். இப்போது அதுதான் வினை. வெங்காயம் வதங்கினால் சாக்கடை நாற்றம். காபி ரப்பர் எரிவது போல. மட்டன் சுக்கா பக்கத்தில் நிற்கவே முடியவில்லை, குமட்டுகிறது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறாள் என் அக்கா. தொழிலையே விடலாமா என்று யோசிக்கிறேன்.
வாசகர், திண்டுக்கல்

அக்காவிடம் சொல்லுங்கள், அதே செய்வினையை எனக்கும் யாரோ வைத்திருந்தார்கள் என்று. எனக்கும் காபிதான் முதலில் கெட்டது.

வாசனை திரிந்து தெரிவது வைரஸுக்குப் பிறகு நிறையப் பேருக்கு வருகிறது, பெரும்பாலும் உங்களுக்கு வந்தது போல இரண்டு, மூன்று மாதம் கழித்து. கெட்டுப்போன நரம்பணுக்கள் புதிதாக முளைத்து மூளைக்குத் திரும்பக் கம்பி இழுக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. காபி வாசனை என்பது நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளின் கூட்டம். அதில் நாலைந்து மட்டும் மூளைக்கு எட்டினால் மூளை அதைக் காபி என்று எப்படிச் சொல்லும்? வெறும் தவில்காரரும் தாளக்காரரும் வந்து, நாயனக்காரர் வராத கல்யாணம் மாதிரி. இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தில் காபியைத் தனித்தனி மூலக்கூறாகப் பிரித்து, இந்தத் தொல்லை உள்ளவர்களை முகரச் செய்து 2022-ல் முடிவு வெளியிட்டார்கள். அதிகம் பேரை முகம் சுளிக்க வைத்தது, கொட்டையை வறுக்கும்போது பிறக்கும் கந்தகம் கலந்த ஒரு மூலக்கூறு. கடுகளவில் கடுகளவு இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும் சாதி அது. வறுத்த கறி, வதங்கிய வெங்காயம், பூண்டு இவற்றிலும் அதன் பங்காளிகள் இருக்கிறார்கள். உங்கள் மெஸ் முழுக்க அவர்கள்தான்!

ஆக, இது மூக்கு செத்துப்போனதன் அடையாளம் இல்லை. வேலை பாதியில் நிற்கிறது. எனக்கு ஒன்பது மாதம் இருந்தது. சிலருக்குச் சீக்கிரம் விலகும், சிலருக்கு வருடம் தாண்டும். மேலே கும்பகோணத்து அம்மாவுக்குச் சொன்ன பயிற்சியை நீங்களும் செய்யுங்கள்.

தொழிலை விட வேண்டாம், அடுப்படியில் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். வெங்காயம் வதக்குவதையும் சுக்கா பிரட்டுவதையும் கொஞ்ச நாளைக்கு வேறு ஆளிடம் விடுங்கள். புகைபோக்கி விசிறி ஓடட்டும், பின்வாசல் திறந்திருக்கட்டும். நாற்றம் ஏறுவது ஆவியோடு என்பதால், நீங்கள் சாப்பிடுவது ஆறியதாக இருக்கட்டும். தயிர் சாதம், இட்லி, ஆவியில் வெந்த காய், வாழைப்பழம், அவித்த முட்டை ஒத்துக்கொண்டால் முட்டை. கிளினிக்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மோர் சாதத்தில்தான் நாளை ஓட்டுகிறார்கள். எடை குறைய விடாதீர்கள், மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.

ருசி பார்ப்பதுதான் உங்கள் பயம், அதை நீங்கள் எழுதாவிட்டாலும் தெரிகிறது. உப்பு, புளிப்பு, உறைப்பு மூன்றையும் உங்கள் நாக்கு இன்னும் சரியாகச் சொல்லும். மசாலா பக்குவத்தைக் கண்ணும் காதும் சொல்லும்: எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்பது, கடுகு வெடித்து அடங்குவது, கறி பிரட்டும்போது சத்தம் மாறுவது. மெஸ் நடத்தி அடுப்பில் நின்றவருக்கு நான் இதைச் சொல்வது அதிகப்பிரசங்கம். கைக்கணக்கை விட்டுவிட்டுக் கொஞ்ச நாளைக்கு மசாலாவைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கறி கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் வேலையை மட்டும் நீங்கள் செய்யவே கூடாது. நல்ல கறி உங்களுக்கு நாறும், கெட்ட கறி நாறாமல் போகலாம்.

அம்மாவுக்கு 71 வயது. தூத்துக்குடியில் தனியாக இருக்கிறார். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வாசனை தெரியவில்லை என்பதைப் போன வாரம்தான் பேச்சுவாக்கில் சொன்னார். "வயசானா இதெல்லாம் இருக்கும்" என்கிறார். நான் பெங்களூரில் இருக்கிறேன். கவலைப்பட வேண்டுமா?
வாசகி, பெங்களூர்

வாசனைக்காக அவசரமாகக் கிளம்ப வேண்டாம். கேஸ் அடுப்புக்காக இந்த வாரமே போய் வாருங்கள்.

சமையல் கேஸுக்கு இயல்பில் மணம் கிடையாது. அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி வருகிறதே, அது கசிவு தெரியட்டும் என்று வேண்டுமென்றே கலக்கும் எத்தில் மெர்காப்டன். 1937 மார்ச் 18-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மணமில்லாத எரிவாயு யாருக்கும் தெரியாமல் சேர்ந்து வெடித்தது. இறந்தவர்கள் 300 பேரை ஒட்டி, பெரும்பாலும் பிள்ளைகள். எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் அங்கே சட்டம் வந்தது. உங்கள் அம்மாவின் மூக்குக்கு அந்த நாற்றம் இப்போது இல்லாததற்குச் சமம்.

கேஸ் கசிவைக் காட்டும் அலாரம் கடைகளில் கிடைக்கிறது. வாங்கித் தரைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். நம் சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கீழே தேங்கும். பரணுக்கு மேல் மாட்டிவைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடும் பழக்கம் வர வேண்டும். அலாரம் அடித்தால் லைட் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவைத் திறந்துவிட்டு வெளியே போய், அங்கிருந்து 1906-க்கு போன் செய்ய வேண்டும். அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வெளிவாசல் பக்கம் ஒட்டுங்கள். முடிந்தால் இண்டக்ஷன் அடுப்பு வாங்கிக் கொடுங்கள். "அதுல தோசை சரியா வராது" என்பார். வராதுதான்.

தூத்துக்குடி என்பதால் மீன். அம்மா இத்தனை வருஷம் முகர்ந்து பார்த்து வாங்கியிருப்பார். இனிமேல் செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்க்கட்டும், விரலால் அழுத்தினால் குழி எழும்புகிறதா என்று பார்க்கட்டும். பழக்கமான மீன்காரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவைப்பது அதைவிட நல்லது. ஃபிரிஜ்ஜில் வைக்கும் குழம்பு டப்பாவில் தேதி ஒட்டட்டும்.

ஆவி பிடித்தால் வாசனை வரும் என்கிறார்கள். கற்பூரமும் ஓமமும் கட்டி முகரச் சொல்லி வாட்ஸ்அப்பில் வந்தது. துத்தநாக மாத்திரை, ஸ்டீராய்டு... எது சரி?
கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

ஆவி அடைப்புக்குச் சுகம் தரும், வாசனையை மீட்டுத் தராது. வெந்நீர்ப் பாத்திரம் மடியில் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளை 2021-ல் பார்த்தோம். கற்பூரம் உறைப்பு நரம்பைக் குத்தும், 'ஏதோ தெரியுதே' என்று தோன்றும், அத்தோடு சரி. சின்னப் பிள்ளை வாயில் போட்டால் வலிப்பு வரும், பொட்டலத்தைத் தூர வையுங்கள். துத்தநாக மாத்திரை, உடம்பில் குறைவில்லாதவருக்குப் பயன் தந்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. துத்தநாகத்தை மூக்குக்குள் விடவே கூடாது. அப்படிப்பட்ட சில ஜலதோஷ மருந்துகளால் வாசனையே போகிறது என்று 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. ஸ்டீராய்டு மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். சர்க்கரை எகிறும். ஸ்டீராய்டும் எகிறிய சர்க்கரையும் சேர்ந்து கருப்புப் பூஞ்சைத் தொற்றுக்கு வழிவிட்ட வருஷத்தை நாங்கள் மறக்கவில்லை.

என் மாமியாருக்குக் காய்ச்சலுக்குப் பிறகு வாசனை தெரியவில்லை. குழம்பில் உப்பை அள்ளிப் போடுகிறார். கேட்டால் "சப்புனு இருக்கு" என்கிறார். அவருக்கு ரத்தக் கொதிப்பு வேறு.
வாசகி, ஈரோடு

மணம் இல்லாத இடத்தை உப்பை வைத்து நிரப்பப் பார்க்கிறார் பாவம். உப்பு ஜாடியைப் பிடுங்கினால் சண்டைதான் வரும். அவர் தட்டில் மட்டும் எலுமிச்சை பிழியுங்கள், மிளகுத்தூள் கொஞ்சம் தூக்கலாக. கறுக் மொறுக்கென்று கடிக்க ஏதாவது இருந்தால் வாய்க்கு வேலை கிடைக்கும்: வெள்ளரிக்காய், வறுத்த நிலக்கடலை, உப்புப் போடாத அப்பளம் கிடைத்தால் அது. ரசம் சூடு, பச்சடி ஜில்லென்று இருக்கட்டும். உப்பைக் காலையிலேயே அளந்து ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு, "இன்னிக்கு வீட்டுக்கு இவ்ளோதான் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். சொல்லும் விதமும் குரலும் முக்கியம்.

எனக்கு 66 வயது. காய்ச்சல் எதுவும் வரவில்லை. மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாசனை மங்கிக்கொண்டே போகிறது. நானும் பயிற்சி செய்யலாமா?
வாசகர், நாகர்கோவில்

முதலில் காரணத்தைப் பாருங்கள் ஐயா. வைரஸ் போட்ட அடி ஒரே வாரத்தில் விழும், மூன்று வருடம் ஊர்ந்து வராது. மூக்கில் சதை வளர்ச்சி, நாள்பட்ட சைனஸ், முன்பு எப்போதோ தலையில் பட்ட அடி, சில மாத்திரைகள், வெறும் வயது எல்லாம் உண்டு. பார்கின்சன் நோயில் கை நடுக்கத்துக்குச் சில வருடம் முன்பே வாசனை குறைவதுண்டு. வாசனை குறைந்த எல்லோருக்கும் அது வரும் என்று படித்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பார்த்த பிறகு தேவைப்பட்டால் நரம்பு டாக்டர். ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து அதில் ரத்தமும் வந்தால் நாள் கடத்த வேண்டாம்.

பிரசவமாகி ஐந்து மாதம். கர்ப்பமாக இருந்தபோது வந்த காய்ச்சலில் வாசனை போய்விட்டது. எல்லோரும் குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்து "பால் வாசனை" என்று கொஞ்சுகிறார்கள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. குழந்தை மலம் கழித்துக்கூடத் தெரியாமல் கிடக்கிறது, புண்ணாகிவிட்டது. "இதுக்குப் போய் அழுவியா" என்று சிரிக்கிறார்கள். நான் நல்ல தாய் இல்லையோ என்று தோன்றுகிறது.
பெயர் வேண்டாம்

கண்ணு, இதற்குப் போய் அழலாம். நான் பெருங்காயத்துக்கே அழுதவள்.

முதலில் புண்ணைப் பார்ப்போம். பால் கொடுத்த பிறகும், தூங்கி எழுந்த பிறகும், இடையில் இரண்டு மணிக்கு ஒருமுறையும் துணியைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள். செல்போனில் மணி வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால், "எனக்கு மூக்கு வேலை செய்யலை, நீங்க முகர்ந்து சொல்லுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கண் தெரியாதவர் வழி கேட்பது போலத்தான்.

குழந்தைக்கு உங்கள் வாசனை தெரியும். உங்கள் மூக்குதான் லீவில் இருக்கிறது, அதன் மூக்கு நன்றாக வேலை செய்கிறது. அதை வைத்தும் உங்களைத் தேடுகிறது. பயிற்சியை இன்றைக்கே ஆரம்பியுங்கள். பால் கொடுக்கும் காலத்தில் செய்யலாம். நீலகிரித் தைல பாட்டிலை மட்டும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், பிள்ளைகள் விழுங்கினால் ஆபத்து. மூக்கிலும் தடவக் கூடாது. நாலு பாட்டிலோடு ஐந்தாவதாகக் குழந்தையின் உச்சந்தலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையும் இரவும்.

'நல்ல தாய் இல்லையோ' என்ற வரியை மறுபடி படித்தேன். பசி இல்லை, தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், அது மூக்கைத் தாண்டிய விஷயம். பிரசவம் பார்த்த டாக்டரிடம் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். தடுப்பூசிக்குப் போகும் அன்றைக்கே சொல்லலாம், தனியாக நாள் பார்க்க வேண்டாம்.

உங்களுக்கே வாசனை போனது என்று போன வருடம் ஒரு பதிலில் எழுதியிருந்தீர்கள். இப்போது முழுதும் வந்துவிட்டதா? மூக்கு சரியில்லாத டாக்டரிடம் மூக்கு வைத்தியம் பார்க்கலாமா?
வாசகர், சிவகங்கை

குறும்புதான். பல் இல்லாத பல் டாக்டரும் ஊரில் இருக்கிறார்.

மல்லிகை வந்துவிட்டது, மதுரைக்காரி, அது வராமல் எப்படி? பெருங்காயம், கிராம்பு, வேப்பம்பூ வந்தன. தாளிப்பு வாசனை வந்தது, ஆனால் கறிவேப்பிலை தனியாகத் தெரிவதில்லை. காபி முக்கால்வாசி. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் கொட்டையை அரைத்துத் தரும்போது கடைக்காரர் கையில் கொஞ்சம் கொட்டி நீட்டுவார், "வாசம் பாருங்க" என்று. முகர்ந்துவிட்டுத் தலையாட்டுவேன். அப்புறம் பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரரைப் பார்ப்பேன். அவர் தலையாட்டினால் வாங்கிக்கொண்டு வருவோம்.